அவள் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சி

அம்மா,

இன்று உன் அலமாரியைக் காலி செய்தேன். அந்தத் தொடர்கதை கிடைத்தது. வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது. அந்துருண்டை நெடியில் மூக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

அதைப் படமாக எடுத்த கறுப்புவெள்ளை விசிடியை, புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டுதான் பார்ப்பாய். கதையில் இல்லாத காட்சி வந்தால், "இது இவனுங்களா சேர்த்தது" என்று உச்சுக்கொட்டுவாய். காதலித்தவனைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்கும் அக்காவின் கதை. எனக்கு எரிச்சலாக வரும்.

"வாயத் திறந்து சொல்லியிருந்தா பத்து நிமிஷத்துல படம் முடிஞ்சிருக்கும்மா."

"சொல்ல முடிஞ்சா எதுக்குடா கதை? நீ சாங்கி ஏர்போர்ட்டுக்குப் போயி ப்ளேன ரிப்பேர் பண்ணு, போ லா."

ஆஸ்பத்திரியில் அந்தப் படத்தைத்தான் கேட்டாய். டேப்லெட்டில் ஏற்றும்போது பாட்டு, அழுகை, கதை நகராத இடம் எல்லாவற்றையும் வெட்டினேன். நாற்பது நிமிடம் குறைந்தது. நீ களைத்துப்போவாய் என்று நினைத்தேன். தேவையில்லாத எடையைக் குறைப்பது எங்கள் தொழில் புத்தி.

வசனங்களுக்கு முன்னாலேயே உன் உதடு அசைந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது. திரையில் தங்கையின் கல்யாண மேளம்.

"கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி அக்காக்காரி தங்கச்சியோட கூரைப்புடவைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாளே, அது எங்கடா?"

"டிஸ்க்ல கீறல்மா. அந்த இடம் போச்சு."

"போச்சா? கதையில இருக்கிற மாதிரியே எடுத்தது அது ஒண்ணுதான். சரி, நானே சொல்றேன் கேளு. அவ அப்படி உக்காந்திருக்கா..."

நான் மணி பார்த்தேன். "ஷிஃப்டுக்கு நேரமாச்சு. நாளைக்குக் கேக்கறேன்மா."

மறுநாள் உன் வாயில் குழாய் செருகியிருந்தார்கள். அதற்கடுத்த வாரம் நீ இல்லை.

முழுப் படமும் என் கணினியில் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். நான்கு நிமிடம். புடவையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு இல்லை, அழுகைகூட இல்லை. நீ அதில் என்ன பார்த்தாய், என்ன சொல்ல வந்தாய், எனக்குப் பிடிபடவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. ஆனால் இப்போது வேகமாக ஓட்டுவதில்லை. நான்கு நிமிடமும் பார்க்கிறேன்.

டிஸ்க்கில் கீறல் எதுவும் இல்லைம்மா. நான்தான் வெட்டினேன்.