நகம், பல், தலை, தோல்

4-7-1955, திங்கள்

ஆறு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் தையலும் நான்தான், டிரில்லும் நான்தான். செங்கமலம் டீச்சர் வருகிறாள் என்றாலே பெண்கள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். இன்று ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டார். "நாலாம் பாரத்துக்கு இந்த வருஷம் தேகப்பயிற்சி, சுகாதாரம் ரெண்டும் சேத்து ஒரு பாடமாம். மெட்ராஸ்ல டிரெயினிங் முடிச்ச பொண்ணு ஒண்ணு வருது. ஏ பிரிவு அதுக்கு, பி பிரிவு ஒங்களுக்கு" என்றார். டிசம்பருக்குள் திருச்சியிலிருந்து இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து பார்ப்பாராம். யார் நன்றாக நடத்துகிறார்களோ, அடுத்த வருஷம் முழுப் பாடமும் அவர்களுக்கே.

மற்றவருக்கு என்று கேட்டேன்.

"அதான் தையல் இருக்குல்ல."

7-7-1955

வந்துவிட்டாள். பெயர் அடைக்கலமேரி. வயது இருபத்துநாலு இருக்கும். சேலைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ! என்னைப் பார்த்ததும் "அக்கா" என்றாள். யாருக்கு யார் அக்கா?

18-7-1955

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது இவர் கேட்கிறார்: "பள்ளிக்கூடத்து விசில் சத்தம் இப்பல்லாம் கடைத்தெரு வரைக்கும் கேக்குதே, புது டீச்சரா?" ஆறு வருஷம் நான் ஊதியது இவர் காதில் விழவே இல்லை போலிருக்கிறது. ரசத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மோர் ஊற்றிக்கொண்டு எழுந்து போனார்.

8-8-1955, திங்கள்

மேரி ஒரு அட்டை போட்டிருக்கிறாள். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் எதிரே நகம், பல், தலை, தோல் என்று நாலு கட்டம். திங்கள்தோறும் பார்த்து, சுத்தமென்றால் டிக், இல்லையென்றால் பூஜ்யம். ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ரொம்பப் பிடித்துப்போய் என்னையும் போடச் சொல்லிவிட்டார். அவள் முதல் நாளே ஒன்பது பெண்களுக்குப் பூஜ்யம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். சொந்த வகுப்பைத் தானே காட்டிக்கொடுக்கிறவளை என்ன சொல்வது? என் அட்டையில் எல்லாம் டிக். சந்தேகமாக இருந்த இடத்திலும் டிக்.

22-8-1955

மேரியிடம் ஷூ இருக்கலாம். என்னிடம் சம்சுன் நிஹார் இருக்கிறாள். மீமிசல் பக்கத்துப் பிள்ளை. அவள் அத்தா, அதாவது அப்பா, அப்துல் மஜீது இங்கே பஜாரில் கடை வைத்திருக்கிறார். அவள் "அட்டேன்ஷன்" என்று ஒரு குரல் கொடுத்தால் வேப்ப மரத்துக் காக்கை எல்லாம் பறக்கும். போன வருஷமே படிப்பை நிறுத்தப் பார்த்தார்கள். நான்தான் வீட்டுக்குப் போய் அவள் உம்மா சாரா உம்மாளிடம் பேசினேன். "டீச்சர் நீங்க சொல்றீங்க, ஒங்க வார்த்தைக்காக அனுப்புறேன்" என்றார். என் வார்த்தைக்காக. இதை மெட்ராஸ் டிரெயினிங்கில் சொல்லித்தர மாட்டார்கள்.

14-9-1955

மணி அடித்த பிறகும் சம்சுன் வீட்டுக்குப் போகவில்லை. மைதானத்து ஓரத்தில் நின்று ஏ பிரிவு ரிங் டென்னிஸ் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டதும், "டீச்சர், நமக்கும் இது சொல்லித் தருவீங்களா?" என்றாள்.

வயிறு எரிகிறது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எரிகிறது. எனக்கு அந்த ஆட்டம் தெரியாது.

17-10-1955

ஊரெல்லாம் சிரங்கு. மேரி தையல் அறையில் அடுப்பு மூட்டித் தேங்காயெண்ணெயில் கந்தகம் குழைக்கிறாள். ஏ பிரிவுப் பெண்கள் மஞ்சள் மஞ்சளாகக் கையைப் பூசிக்கொண்டு பாடம் கேட்கிறார்கள். என் துணியெல்லாம் கந்தக நாற்றம் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொன்னேன். மேரி அடுப்பை வெளியே மரத்தடிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை போடக்கூடத் தெரியவில்லை அவளுக்கு.

28-11-1955, திங்கள்

நாளைக்கு இன்ஸ்பெக்ட்ரஸ். இன்று பெண்களின் கையை விரித்துப் பார்த்தேன். மூன்று பேருக்குச் சிரங்கு. பிச்சையம்மாள், முத்துமாரியம்மாள் — மூன்றாவது சம்சுன். எப்படி விட்டேன்? வாரா வாரம் நானே அவள் பெயருக்கு எதிரே டிக் போட்டிருக்கிறேனே.

மூன்று பேரையும் வர வேண்டாம் என்றேன். மற்ற இரண்டும் சந்தோஷமாகப் போய்விட்டன. சம்சுன் மட்டும் நின்றாள். "நான்தானே டீச்சர் அட்டேன்ஷன் சொல்லணும்?"

"இந்தக் கையை வச்சுக்கிட்டா? வராதன்னா வராத" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

29-11-1955

ஜெயித்துவிட்டேன்!

இன்ஸ்பெக்ட்ரஸ் ஏ பிரிவில் மஞ்சள் கைகளையும் அட்டையில் பூஜ்யங்களையும் பார்த்து முகம் சுளித்தார். "இத்தனை பேருக்கா?" மேரி, "இருக்கறத எழுதியிருக்கேம்மா. அக்டோபர்ல இதைவிடக் கூடுதல்" என்றாள். என் வகுப்பில் ஒரு புள்ளி இல்லை. விசிட் புத்தகத்தில் 'பி பிரிவு மாதிரி வகுப்பு' என்று எழுதியிருக்கிறார். அடுத்த வருஷம் முழுப் பாடமும் எனக்குத்தான் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார்.

வேறொரு பெண் அட்டேன்ஷன் சொன்னாள். காக்கை பறக்கவில்லை. பரவாயில்லை.

மேரி வந்து, "நல்லாச் செஞ்சீங்க அக்கா" என்றாள். கேலியா? முகத்தைப் பார்த்தால் கேலியாகத் தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை.

5-12-1955

பிச்சையம்மாளும் முத்துமாரியும் வந்துவிட்டார்கள். சம்சுன் வரவில்லை.

12-12-1955

இன்னும் வரவில்லை.

16-12-1955, வெள்ளி

மேரி களிம்பு டப்பாவோடு சம்சுன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். என் பிரிவுப் பெண் வீட்டுக்கு இவள் எதற்குப் போகிறாள்? வந்து சொன்னாள்: சாரா உம்மாள் களிம்பை வாங்கிக்கொண்டாராம், பெண்ணை அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாராம். "அனுப்பச் சொன்ன டீச்சரே வர வேணாம்னு சொல்லிட்டாங்க. இனிமே எந்த மொகத்தை வச்சுக்கிட்டு அனுப்புறது? வீட்டு வேலை பழகட்டும்."

ஒரு நாளைக்குத்தானே சொன்னேன். நாளைக்கு மட்டும் என்று சேர்த்துச் சொன்னேனா? சொல்லவில்லை.

"நீங்க போனா அனுப்புவாங்க அக்கா. நான் போனதுல ஒண்ணும் நடக்கலை" என்கிறாள் மேரி. அவளால் முடியாதது ஒன்று இருக்கிறது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

போகவில்லை.

9-1-1956, திங்கள்

லீவு முடிந்து பள்ளிக்கூடம். நாலு நாளாக விரலிடுக்கில் அரிப்பு. ஊசி பிடிக்க முடியவில்லை. துணி தூசியாக இருக்கும்.

11-1-1956

தூசி இல்லை. சிரங்குதான்.

கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டே இரண்டு நாளாகப் பாடம் நடத்துகிறேன். இன்று மேசை இழுப்பறையைத் திறந்தால் காகிதத்தில் சுற்றிய ஒரு டப்பா. மூடியைத் திறக்காமலே கந்தக வாசனை. ஒரு சீட்டுகூட இல்லை. மேரி யாரிடமும் சொல்லவும் இல்லை, எதிரே வந்தபோது என் கையைப் பார்க்கவும் இல்லை.

சொல்லியிருக்கலாமே பாவி. ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

இந்தக் கையோடுதான் மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகிறேன். வராத என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

12-1-1956

சாயங்காலம் சம்சுன் வீட்டுக்குப் போனேன். சாரா உம்மாள், "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றார், அவ்வளவுதான். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனதை விட்டுவிட்டு, கந்தகக் களிம்பு பூசி மஞ்சளான இரண்டு கையையும் விரித்து நீட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "ஒங்களுக்குமா?"

"எனக்குந்தான். நான் பள்ளிக்கூடம் போய்க்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்க பிள்ளையை வர வேணாம்னு சொன்னது என் தப்பு. என் வகுப்பு அழகாத் தெரியணும்னு சொன்னேன்."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம். சாரா உம்மாள் உள்ளே திரும்பி, "கேட்டியாடி?" என்றார். என்னிடம், "அவுங்க அத்தாட்ட சொல்லிப் பாக்குறேன்" என்றார்.

16-1-1956, திங்கள்

பி பிரிவு அட்டையில் ஆறு பூஜ்யம் போட்டு மாட்டினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "என்னங்க இது?" இருக்கிறதை எழுதியிருக்கிறேன் என்றேன். அவள் சொன்ன வார்த்தை என் வாயில்!

23-1-1956, திங்கள்

சம்சுன் வந்தாள். கை சுத்தமாக ஆறியிருக்கிறது. நேரே என்னிடம்தான் வந்தாள், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையில் ஒரு விண்ணப்பம் வைத்திருந்தாள். பி பிரிவிலிருந்து ஏ பிரிவுக்கு மாற்றிக்கொள்ள வகுப்பாசிரியை சம்மதம் வேண்டுமாம்.

"மேரி டீச்சர் சொன்னாங்களா?" என்றேன்.

"இல்லை டீச்சர். அவுங்களுக்கே தெரியாது. நானாத்தான்."

மேரி சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். திட்டவாவது செய்திருப்பேன்.

கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது பீரியடில் தையல் அறையில் இருந்தேன். மைதானத்திலிருந்து "அட்டேன்ஷன்" என்று சத்தம். ஜன்னலுக்கு வெளியே காக்கைகள் கிளம்பிப் போயின. இங்கே பெண்கள் தைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். தலையைக் குனிந்து தையுங்கள் என்றேன்.