லெப்டினன்டின் கறுப்புக்கரைக் கடிதம்

என் அருமை அண்ணாவுக்கு,

உன் பெயருக்கு ஒரு தபால் வந்திருக்கிறது. நியூ ஜெர்சியில் உன் பழைய விலாசத்துக்குப் போய், அங்கே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிவிடப்பட்டு, டெக்சாஸில் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று தபால் ஆபீசுக்கு யார் சொல்வது? நானும் சொல்லவில்லை. மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு தபாலாவது உன் பெயரில் வரட்டும் என்றுதான்.

உள்ளே ஒரு சின்னப் புத்தகம். சிக்னல் அதிகாரி ஒருவரின் எஞ்சிய கடிதங்களும் செய்திகளும் என்று தலைப்பு, உன் ஊர் வரலாற்றுச் சங்கம் போட்டது. அட்டையில் உன் லெப்டினன்ட், தாடியும் தொப்பியுமாக. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மலை உச்சியில் நின்று கொடியசைக்கச் சொல்லிச் செய்தி அனுப்பிய அதே மனுஷன். எங்கள் எல்லோரையும்விட நீ அதிக நேரம் உட்கார்ந்து பேசிய ஆள்.

நன்றி சொல்லியிருக்கும் பக்கத்தை முதலில் எடுத்தேன். வெளியீட்டு விழாவுக்கு கேக் கொடுத்த பேக்கரிக்கு நன்றி இருக்கிறது. மடக்கு நாற்காலி கொடுத்த சர்ச்சுக்கு நன்றி இருக்கிறது. உன் பெயர் இல்லை. சரி, மறந்திருப்பார்கள் என்று புரட்டிக்கொண்டே போனால் கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய், பெயரில்லாமல். கறுப்புக்கரை போட்ட உறை ஒன்றின் படம். அதன் அடியில், இதற்குள் இருந்த கடிதம், தட்டச்சுக்காக அதைப் பெற்றுக்கொண்ட வாடகைக்காரர் ஒருவரின் கவனக்குறைவால் தொலைந்தது என்று இரண்டு வரி.

வாடகைக்காரர். அவ்வளவுதான் நீ அவர்களுக்கு. என் மகள் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "மாம், இஸ் தட் மாமா?" என்று கேட்டாள்.

உன்னிடம் நான் சண்டை போட வேண்டும் அண்ணா. போனில் போட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். இப்போது மழுப்ப முடியாது, உட்கார்ந்து கேள்.

லெப்டினன்டின் காகிதங்கள் இருந்த அந்தத் தகரப் பெட்டியை நீயாகக் கேட்டு வாங்கவில்லை. வீட்டின் மறுபாதியில் குடியிருந்த வீட்டுக்காரி, டோரதி ஆன்ட்டி, லெப்டினன்டின் தங்கை வழியில் வந்த கொள்ளுப்பேத்தி. அவர்தான், நீ கம்ப்யூட்டர்காரன் ஆயிற்றே, இதையெல்லாம் டைப் பண்ணித் தருவாயா, ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். வாரம் முழுக்க ஆபீஸில் ஒய்டூகே, இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் குழம்பிவிடும் என்று பழைய புரோகிராம்களைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, சனி ஞாயிறில் நீ அதையும்விடப் பழைய காகிதங்களைக் கட்டிக்கொண்டாய். பெண் பார்க்கலாம் என்று யார் போன் பண்ணினாலும், லெப்டினன்ட் இன்னும் முடியவில்லை என்பாய்.

ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கும் அவன் புராணம்தான். அதிகாரி எண்களைச் சொல்லச் சொல்லக் கொடிக்காரச் சிப்பாய் இடமும் வலமும் அசைப்பானாம். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சிப்பாய்க்குச் சொல்லித்தர மாட்டார்களாம். பிடிபட்டால் காட்டிக்கொடுக்க முடியாதல்லவா? எதிர் மலையில் டெலஸ்கோப் வைத்துப் படிக்கிறவன், கிடைத்தது என்று பதில் காட்டுகிற வரைக்கும் இவன் விடாமல் திருப்பித் திருப்பி அனுப்ப வேண்டுமாம். இவ்வளவு பாடுபட்டு என்னதான் அனுப்பினான் என்று கேட்டேன். பாதிக்கு மேல், மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் செய்தி என்று சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

தங்கைக்கு அவன் எழுதிய கடிதங்களும் அப்படித்தான் என்றாய். கோவேறு கழுதைக்குக் கால் நொண்டி, மாவில் புழு, பூட்ஸ் அனுப்பு. தன்னைப் பற்றி அவன் வாய் திறந்தது ஒரே ஒரு கடிதத்தில். அவர்கள் அம்மா இறந்த பிறகு கறுப்புக்கரைத் தாளில் எழுதியது. அதை மட்டும் கடைசியில் நிதானமாகச் செய்ய வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தாய். அதிலிருந்து ஒரே ஒரு இடத்தைப் போனில் எனக்குத் தமிழில் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? லெப்டினன்ட் எழுதியிருந்தது இது:

அம்மா போன செய்தி எனக்கு எதிர் மலையிலிருந்து கொடியில் வந்தது. எண்களை நானேதான் படித்தேன். படித்து முடித்ததும் கிடைத்தது என்று காட்டச் சொல்ல வேண்டியிருந்தது. என் கொடிக்காரன் சீட்டியடித்துக்கொண்டே காட்டினான், அவனுக்கு என்ன தெரியும்.

இதைச் சொல்லிவிட்டு நீ காகிதத்தை மடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஃபோன் கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கிறது, பேசு என்று நான் அதட்டினேன்.

அப்புறம் அந்த நவம்பர். உனக்கு ஜாதகக் கட்டோடு கோபியிலிருந்து அம்மா வந்திறங்கியிருந்தாள். தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு நானும் மகளும் ஹூஸ்டனிலிருந்து வந்தோம். மறுநாள் உன் சிநேகிதர்கள் சாப்பிட வருகிறார்கள் என்று நீயும் நானும் இண்டியன் கடைக்குப் போய்க் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் அலைந்துவிட்டு வந்தால், அந்தக் குளிரில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் சொட்ட ஹீட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். யாருக்கு என்னம்மா என்று நீதான் கேட்டாய்.

"ஆரோ போயிருக்கறாங்க கண்ணு. கறுப்புக்கரை போட்ட கார்டு வந்திருக்குது, நீ பாக்காம மேசை மேல போட்டு வெச்சிருக்கறே. அதையெல்லாம் ஊட்டுக்குள்ள வெச்சிருக்கலாமா? கிழிச்சுக் குப்பைல போட்டுட்டேன்."

அம்மாவுக்கு எந்த பாஷையும் படிக்கத் தெரியாது. கரையை வைத்துத்தான் அவளுக்குத் தெரியும். சாவுக் கார்டு வந்தால் வாசலிலேயே படிக்கச் சொல்லிக் கேட்டு, கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகுவது நம் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். உலகத்தில் வேறு எந்த ஊர் அம்மாவாவது மேசையில் கிடக்கிற கடிதத்தை அப்படிக் கிழித்திருப்பாளா? அதற்கு நம் அம்மாதான் வர வேண்டியிருந்தது. நீ வெளியே ஓடிப் பார்த்தாய். குப்பை வண்டி வந்து போய்விட்டிருந்தது. காலித் தொட்டி தெருவோரம் உருண்டு கிடந்தது. தகரப் பெட்டிக்குள் நீ வைத்திருந்த உறை மட்டும் தப்பியது.

நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். கத்தியிருக்க வேண்டும் அண்ணா. நீ உள்ளே வந்து, "நல்லதுதாம்மா பண்ணுனே" என்று சொல்லிவிட்டு, நேரே குளியலறைக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாய். அம்மாவுக்குத் திருப்தி. பையன் அமெரிக்கா வந்தும் முறை மறக்கவில்லை என்று என்னிடம் பெருமை வேறு.

சங்கத்து ஆளிடம், நான்தான் எங்கோ வைத்துவிட்டேன், காணவில்லை என்று சொன்னாயாமே? அவன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்து, உன் கண் முன்னால் ஒவ்வொரு தாளாக எண்ணிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனான். இன்னும் கொஞ்சம் செய்திகள்தான் பாக்கி, முடித்துத் தருகிறேன் என்று நீ கேட்டதற்கு, தேவையில்லை என்றானாம். டோரதி ஆன்ட்டி அன்றோடு உன்னிடம் ஹலோ சொல்வதை நிறுத்தினார். என் அம்மா கிழித்துவிட்டாள், எங்கள் ஊர் வழக்கம் அது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அவர்கள் நம் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தாயா?

ஞாபகத்தில் இருப்பதையாவது எழுதிக் கொடு என்று நான் சொன்னேன். அது அவன் கடிதமாக இருக்காது, என் கடிதமாக இருக்கும் என்றாய். பெரிய அரிச்சந்திரன்.

பிப்ரவரியில் பனியை வாரிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தாய். அம்மாவுக்கு யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எதுவும் தெரியாமல் புடவையோடு பனியில் இறங்கி நின்றிருக்கிறாள். டோரதி ஆன்ட்டிதான் ஜன்னலில் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அவர்தான் எனக்கும் போன் பண்ணினார். அவர் சொல்லி முடித்ததும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓகே. தேங்க் யூ ஃபார் காலிங்." பக்கத்து அறையில் மகள் டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். உன் லெப்டினன்ட் மீது எனக்கு அன்றைக்குத்தான் இரக்கம் வந்தது.

நீ கேட்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். கிரீன் கார்டு இன்டர்வியூவுக்கு உன்னை அழைத்து, நீ போன பிறகு நோட்டீஸ் வந்தது. உன் பழைய ஆபீஸில் இப்போது பாதி நாற்காலி காலி. டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்த வேகத்தில் கலிஃபோர்னியாவில் இருக்கிற உன் சிநேகிதன் வேலையும் எச் ஒன் விசாவும் போய் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். நீ இருந்திருந்தால் உனக்கும் அதுதான். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். ஃப்ரீவேயில் கார் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று பின்பக்க ஜன்னலைத் திறப்பதில்லை. ஜாதகக் கட்டை மட்டும் இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறாள்.

ஊரில் மாமா உன் கருமாதிக்குக் கறுப்புக்கரை போட்டுக் கார்டு அடித்தார். உன் பெயர் போட்டு அச்சான ஒரே காகிதம் அது. எனக்கு ஒன்று வேண்டும் என்று போன் பண்ணினால், அதையெல்லாம் யாராவது வைத்திருப்பார்களா, உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று திட்டினார். கேட்டிக்கு ஒன்று வந்தது நிஜம். வந்த அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மாதான் தபாலை எடுத்தாள், பிறகு நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? லெப்டினன்டுக்காவது ஒரு பெட்டி நிறைய மிச்சம். உனக்கு வாடகைக்காரர் என்று இரண்டு வரி மிச்சம்.

போன வாரம் இந்தப் புத்தகம் வந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியே தீர்வது என்று கிளம்பினேன். நீ கிழித்தது என்ன தெரியுமா, அதற்கு உன் பிள்ளை வாங்கிக்கொண்ட பெயர் என்ன தெரியுமா என்று கேட்டுவிடத்தான் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்து மடியில் வைத்தேன்.

உறையின் கறுப்புக்கரையைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இதையும் கிழிக்கச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, புடவைக்கு அடியில் கைவிட்டு ஒரு கார்டை எடுத்து வந்தாள். உன் கார்டு. நான்கு மூலையும் மடங்காமல் அப்படியே இருந்தது.

"அன்னைக்கு ஆரோடதையோ படக்குனு கிழிச்சுப் போட்டேன் கண்ணு. இதக் கிழிக்கக் கை வரல. ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறேன்னு நீ வைய வேண்டாம்."

நான் எங்கே வைவது? பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கார்டை என் மடியில் வைத்து, யாரிடமும் இதுவரை கேட்காததைக் கேட்டாள்.

"இதுல அவம்பேரு எங்க இருக்குதுன்னு காட்டு சாமி."

அவள் விரலைப் பிடித்து உன் பெயர் மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். "இத்தன சின்னதாவா போட்டிருக்கறாங்க?" என்றாள். ஒரு வருஷமாகத் தினமும் எடுத்துப் பார்த்திருக்கிறாள் அண்ணா, எது உன் பெயர் என்று தெரியாமலே. சொல்லப் போனதை நான் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மாவால் இதைப் படிக்க முடியாது என்கிற தைரியத்தில்தான் இங்கே, நாலு பேர் படிக்கிற இடத்தில், எல்லாவற்றையும் எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் யாராவது கேட்டி பக்கம் வந்தால், காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அவளிடம் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். அந்தச் சங்கத்துக்கு நாளைக்கு ஆங்கிலத்தில் எழுதப் போகிறேன். கடிதத்தை வாடகைக்காரர் தொலைக்கவில்லை, அன்று விருந்துக்கு வந்த அவர் தங்கை மேசையைத் துடைக்கும்போது தெரியாமல் குப்பையில் போட்டுவிட்டாள் என்று எழுதுவேன். என் பெயரை எழுத்துக்கூட்டித் தருவேன், போட்டுக்கொள்ளட்டும். நீ சுமந்தது போதும். வாடகைக்காரருக்கு ஒரு பெயர் உண்டு என்று சொல்லி உன் முழுப் பெயரையும் எழுதுவேன், கொஞ்சம் பெரிய எழுத்தில். கூடவே அந்தக் கொடிக்காரன் சீட்டியடித்த இடத்தையும், நீ சொல்ல நான் கேட்டது என்று சொல்லி அனுப்புவேன். அது உன் கடிதமாகிவிடும் என்றாயே, ஆகட்டும். உன் எழுத்து ஒன்று எங்காவது மிஞ்ச வேண்டாமா?

இப்படிக்கு,
அன்று நீ தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்த
உன் தங்கை