பதினெட்டுப் பாகை

மார்ச்சு 3

"கடலை நம்பி வாழும் என் உறவுகளே! துறைமுக வாயிலில் விளக்கு அணைந்து நாற்பது நாள்கள் ஆகின்றன. படகுக்கு வழிகாட்ட ஒரு விளக்கில்லை. அலுவலர் அறையிலோ பட்டப்பகலில் ஆறு விளக்குகள் எரிகின்றன."

இன்று மாலை மீனவர் சங்கக் கூட்டத்தில், தம்பியின் படகுத் தட்டில் நின்று இப்படித்தான் தொடங்கினேன். கரை அதிர்ந்தது. அந்த மயக்கத்தில் ஒலிபெருக்கியைப் படகிலேயே விட்டு வந்துவிட்டேன். தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"கைப்பிடி ஒலிபெருக்கியா? நீ அந்தப் பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு வலை இழுத்துடுவேன் அக்கா. ஈரம் படாம பத்திரமா வெச்சிருக்கேன், போ."

மார்ச்சு 5

விடியலில், மூடுபனியில், தம்பியின் படகு பாறைத்திட்டில் ஏறிவிட்டது. ஐவரும் உயிரோடு இருக்கிறார்கள். இயந்திரக்காரருக்கு இடக்கால் முறிவு.

மார்ச்சு 6

தம்பி சுவரைப் பார்த்தபடியே பேசினான். செயற்கைக்கோள் வழிகாட்டித் திரை ஒரு வாரமாகப் பழுது. காந்தத் திசைகாட்டி ஒன்றை மட்டுமே நம்பிக் கரை திரும்பியிருக்கிறான்.

"ஊசிய எழுபது பாகையிலயே புடிச்சு வந்தேன் அக்கா. ஒரு பாகை நகர விடல. கண்ண மூடல. தூங்கிட்டேன்னு எழுதியிருக்காங்க."

சுக்கானில் உறங்கினான் என்பது துறைமுக அலுவலகத்தின் குற்றச்சாட்டு. 17ஆம் நாள் விசாரணை. மெய்ப்பிக்கப்பட்டால் படகோட்டும் உரிமம் நிலையாகப் பறிபோகும். பத்தொன்பது வயது முதல் கடலன்றி வேறு தொழில் அறியாதவன்.

என் தம்பி பொய் சொல்லமாட்டான். அப்படியானால் பொய் சொன்னது ஊசி. ஊசிக்கு யார் பொறுப்பு? படகின் இரும்பு எந்தெந்தத் திசையில் ஊசியை எத்தனை பாகை விலக்குகிறது என்று அளந்து, அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருபவர் இத்துறைமுகத்தில் ஒருவரே. சென்ற மாதம்தான் தம்பியின் திசைகாட்டியைச் சரிபார்த்திருக்கிறார்.

கண்டேன் குற்றவாளியை.

மார்ச்சு 7

தம்பி மனைவி ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "படகே பொளந்து கெடக்கு, இதுக்கு ஒரு கீறல் இல்ல பாருங்கக்கா. திசைகாட்டிக்கு அடியில ஒரு பெட்டி இருக்குல்ல, அதுக்குள்ள துணியச் சுத்தி வெச்சிருந்தாரு. என் பொருளுக்கெல்லாம் இந்த மரியாதை கெடையாது."

நல்லது. நாளை மறுநாள் தேவைப்படும்.

மார்ச்சு 9

திசைகாட்டிக்காரரின் கடை வாயிலில் இருநூறு பேர். "கூலிக்குக் கையொப்பமிட்ட கையே, ஒரு தொழிலாளியின் காலை முறித்த கை" என்றேன். வாக்கியம் முடியுமுன் முழக்கம் எழுந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி அவர் வெளியே வந்தார். "அந்தத் திசைகாட்டியக் கொண்டாங்க, பாக்கறேன்" என்றார். அதற்கு மேல் அவர் கூறியதை என் குரல் மூழ்கடித்தது.

மார்ச்சு 11

அவர் கடை இன்றும் திறக்கவில்லை. ஒரு படகும் அவரை நாடவில்லை. நம் ஒற்றுமைக்கு வெற்றி.

மார்ச்சு 14

அவர் வீட்டுக்கே வந்துவிட்டார், தோளில் ஒரு பையோடு. அலுவலகத்தில் இசைவு பெற்று, உடைந்த படகிலிருந்து திசைகாட்டியைக் கழற்றி, எட்டுத் திசையிலும் சோதித்தாராம். பிழை ஒரு பாகைகூட இல்லையாம்.

"பேச்சு எனக்கு வராதும்மா. கண்ணால பாத்துக்கங்க" என்று அதை என் மேசையில் வைத்தார். வைத்தவர் முகம் சுளித்தார். "உங்க வாசல் நேர் கிழக்குதானே? இது எங்கயோ பாக்குதே."

கையிலெடுத்து அறைக்குள் நடந்தார். ஊசி திரும்பியது, மேலும் திரும்பியது, அலமாரியின் கீழ்த்தட்டை நோக்கி நின்றது. அங்கே என் ஒலிபெருக்கி.

"உள்ள பெரிய காந்தம் இருக்கும்மா. அது இல்லாம சத்தம் வராது."

தம்பி மனைவி சொன்ன பெட்டி நினைவுக்கு வந்தது. "திசைகாட்டிக்கு அடியில் ஒரு முழத் தொலைவில் இது இருந்தால்?" என்று கேட்டேன். கடல் வரைபடத்தை விரித்து, திசைகாட்டியின் முகத்தைப் படகு வந்த திசைக்கு வைத்து, ஒலிபெருக்கியை மேசைக்கு அடியில் நிறுத்தினார். ஊசி விலகியது பதினெட்டுப் பாகை. அந்த விலகலோடு பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். கோடு பாறைத்திட்டில் போய் முட்டியது.

பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போதுதான் சொன்னார்: "என் கடை முன்னால நின்னப்பவும் இதத்தான் கையில புடிச்சிருந்தீங்க."

மார்ச்சு 15

மூன்றாம் நாளையும் ஏழாம் நாளையும் மறுபடி மறுபடி படிக்கிறேன். என் கையெழுத்தேதான். கண்ணுக்கு முன்னாலயே எழுதி வெச்சுட்டு, ஊரான் வாசல்ல போய் கத்தியிருக்கேனே — என்ன பண்ணிட்டேன் நான்?

தம்பியிடம் சொன்னேன்.

"கத்தியக்கூட அந்தப் பக்கம் வெக்க விடமாட்டேன் அக்கா. இது பிளாஸ்டிக்தானேன்னு நெனச்சேன். வெச்சது நான். நீ வாயத் தொறக்காத. சங்கமே உன்னப் பாத்துச் சிரிக்கும்."

நான் வாய் திறக்காவிட்டால் அவன் உரிமம் போகும். அவர் கடை மூடியே கிடக்கும். திறந்தால் போவது என் பெயர் மட்டும். இதில் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது? ஆயினும் பகல் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கத்தையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச்சு 17

விசாரணை. இந்நாட்குறிப்பை அலுவலரின் மேசையில் விரித்து வைத்தேன். திசைகாட்டிக்காரர் செய்துகாட்டினார், மீண்டும் பதினெட்டு. ஆறு விளக்கு அலுவலர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இத நீங்களாவா கொண்டு வந்தீங்க?" என்றார். ஆம் என்றேன். என் வாழ்வில் இவ்வளவு சிறிய உரையை நான் ஆற்றியதில்லை.

உறங்கினான் என்ற குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. கவனக்குறைவுக்கு இரண்டு மாதத் தடை. வெளியே வந்ததும் தம்பி, "ரெண்டு மாசம் உன் கூட்டத்துக்கு நாற்காலி போடறேன்" என்றான்.

மார்ச்சு 20

ஒலிபெருக்கி இல்லாமல் பேசினேன். பின்வரிசையினர் எழுந்து முன்னே வந்து நிற்க வேண்டியிருந்தது. சிலர் சிரித்தார்கள். இயந்திரக்காரர் ஊன்றுகோலோடு வந்திருந்தார், அவர் சிரிக்கவில்லை. திசைகாட்டிக்காரர் கூட்டத்திற்கு வரவில்லை. ஆனால் கடையைத் திறந்து வைத்திருந்தார். பேசியது இவ்வளவே:

"என் உறவுகளே, பதினொரு நாள்களுக்கு முன் குற்றமற்ற ஒருவரின் வாயிலுக்கு உங்களை அழைத்துச் சென்றேன். ஊசியைத் திருப்பிய காந்தம் அன்று என் கையிலிருந்த ஒலிபெருக்கிக்குள்தான் இருந்தது. படகைப் பாறையில் ஏற்றியது அது. உங்களை அவர்மேல் ஏவியது நான். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உங்களிடமும் கேட்கிறேன். துறைமுக விளக்கு இன்னும் எரியவில்லை. அதற்கு நாளை போராடுவோம். இன்று யாரும் வீட்டுக்குச் செல்லாதீர்கள். நேரே உங்கள் படகில் ஏறுங்கள். திசைகாட்டியைச் சுற்றி ஒரு பாகம், இரு கை விரித்த தொலைவுக்குள் இருக்கும் வானொலியை, கைவிளக்கை, கத்தியை, எது கிடந்தாலும் அகற்றுங்கள். பிறகு அந்தக் கடைக்குச் சென்று, அவரைக் கையோடு அழைத்து வந்து ஊசியைக் காட்டுங்கள். கை தட்டாதீர்கள். எழுந்து நடங்கள், இப்போதே."