வந்தது உன் மாமியார் இல்லை

பூனாகலை,
புதன்கிழமை காலை.

அன்பு மகள் விதுஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, அங்கே உனக்கும் மாப்பிள்ளை அஜந்தனுக்கும் இன்னும் பெயர் வைக்காத அந்த மூன்றாவது ஆளுக்கும் அப்படியே இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். கடை ஹஸீப் நானாவின் தங்கை ஸல்மா லீவு முடிந்து சனிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறாள், இதை அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நீ டாக்டரிடம் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும், அது ஒரு காரணம். போனில் நான் பேசினால் என்ன ஆகிறது என்று போன மாதமே பார்த்துவிட்டோம், அது மற்றக் காரணம்.

நான்கு வாரமாக நீ போனில் சாப்பிட்டீங்களா, அப்பா எப்படி என்று இரண்டு கேள்வியோடு வைத்துவிடுகிறாய். பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வர டிக்கட் போடப் போகிறேன் என்று நீ ஆசையாகச் சொன்ன அன்று நான் வேண்டாம் என்று சொன்னதில் மனம் நொந்திருக்கிறாய் என்று தெரியும், ஆனால் இவ்வளவு ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வொய்ஸ் மெசேஜ் அனுப்பினார். மெதுவாக, யாருக்கோ பயந்தவர் மாதிரி, "மாமி, எங்க அம்மா அங்க வந்து என்னதான் சொன்னாங்க?" என்று கேட்டார். நான் அதை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். பிறகுதான் நான் அன்று சொன்ன வார்த்தை எனக்கே ஞாபகம் வந்தது. "இங்க அம்மா வந்திருக்காங்க புள்ள, இப்ப டிக்கட் போடாத, தண்ணி ஊத்தி அனுப்பிட்டுச் சொல்றேன்." பிள்ளைப்பேறு மாப்பிள்ளை வீட்டில் ஹாலிஎலயிலா இங்கேயா என்று உனக்கும் உன் மாமியாருக்கும் ஏற்கனவே இழுபறி. அந்த அம்மா வந்து என்னை மடக்கிவிட்டார், வாய் திறக்கத் தெரியாத நானும் சரி என்றுவிட்டேன் என்று நீ நினைத்திருக்கிறாய். வந்தது உன் மாமியார் இல்லையடி. வந்தது அம்மை. அது வந்த வீட்டில் பெயரைச் சொல்லாமல் அம்மா வந்திருக்கிறாள் என்பதும், ஆறியபின் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி வழியனுப்புவதும் நம் ஆட்களின் வழக்கம் அல்லவா. டீச்சர் என்று பெயர் வாங்கியும் என் வாயிலும் அதுதான் வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரே வரியில் பதில் போட்டேன், முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் வீட்டில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இப்போது ஏழு பேர். பண்டாரவளைக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் மூன்று, மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களின் பிள்ளைகள் மூன்று, பிறகு ஹஸீப் நானாவின் எட்டு மாதக் குழந்தை ஷம்ரா. நீ போனபோது இருந்த மாதிரி இல்லை, கொஞ்சம் ஒழுங்கு பண்ணியிருக்கிறேன். வந்தவுடன் வாசல் குழாயில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், ஒவ்வொருவருக்கும் சொந்தக் கோப்பை, கைப்பிடியில் வேறு வேறு நிற நூல், துவாயிலும் அதே நிறம். குளிர் என்று அப்பா முணுமுணுத்தாலும் ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன், ஏழு பிள்ளைகளின் மூச்சும் ஒரே அறையில் சுற்றக் கூடாது என்று மிட்வைஃப் மிஸ் சொன்னார். இதெல்லாம் சுலபம். கஷ்டம் காலையில் வாசலில் நிற்கும் அந்த ஒரு நிமிடம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இல்லை டீச்சர் என்றுதான் சொல்வார்கள். விடியற்காலையில் பாணி மருந்து கொடுத்துக் கொண்டுவந்திருப்பார்கள், பத்து மணிக்குப் பிள்ளை நெருப்பாய்க் கொதிக்கும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்குப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது பேர் இல்லை, பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. என் சுபாவம் உனக்குத் தெரியும், ஒருவரைப் பார்த்து முடியாது என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும். அதனால் கேள்வியை மாற்றிவிட்டேன். காய்ச்சலைப் பற்றிக் கேட்பதில்லை, ராத்திரி எப்படித் தூங்கினான் என்று கேட்கிறேன். எந்தத் தாயும் அதற்குப் பொய் சொல்வதில்லை, எத்தனை தரம் எழும்பினான், எத்தனை தரம் தண்ணீர் கேட்டான் என்று எல்லாம் கொட்டிவிடுவாள். எனக்கு அது போதும்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இந்தக் கேள்வியும் உதவவில்லை. கீழ் லயத்து வீட்டு ஜெயந்திமாலா, உனக்கு ஒரு வகுப்பு மூத்தவள், அவளுடைய மகன் யதுர்ஷனைக் கொண்டுவந்தாள். நன்றாகத் தூங்கினான் என்றாள், அது உண்மையும்கூட. அவன் ஸ்வெட்டரைக் கழற்றும்போது கைக்குள்ளிருந்து ஒரு வேப்பிலை விழுந்தது. நம் குளிருக்கு இங்கே எங்கே வேப்ப மரம். வெல்லவாயவிலிருந்து பஸ்ஸில் கட்டாய் வரவழைத்தால்தான் உண்டு, அப்படி வரவழைக்கிற வீட்டில் என்ன இருக்கும் என்று சொல்லவா வேண்டும். அவன் காதுக்குப் பின்னால் பார்த்தேன், தண்ணீர்த்துளி மாதிரி ஒன்று. ஜெயந்திமாலா கீழே பார்த்துக்கொண்டே, "பெரியவளுக்கு அம்மா வந்து ரெண்டு கிழமையாச்சு டீச்சர். வெளிய சொல்லக் கூடாதுல்ல" என்றாள். ஷம்ரா உள்ளே தொட்டிலில் கிடந்தாள், ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளை. எனக்கு அன்று வியர்க்கவில்லை. அவனை உள்ளே விடாமல், அவளையும் தனியே விடாமல், மற்றப் பிள்ளைகளை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு மூன்று பேருமாக மிட்வைஃப் மிஸ்ஸிடம் நடந்தோம். அவர் பார்த்ததும் சிக்கன் பொக்ஸ் என்றார். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முந்தியே மற்றவர்களுக்குத் தொற்றும், தொற்றினால் வெளியே தெரிய மூன்று கிழமைகூட ஆகலாம், எல்லாத் தாய்மாருக்கும் இன்றைக்கே சொல்லுங்கள் என்றார். பிறகு, வீட்டில் கர்ப்பிணிகள் யாராவது உண்டா என்று கேட்டார். என் மகள் வரப்போகிறாள் என்றேன். முன்பு அவருக்கு வந்திருக்கிறதா என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை விதுஷா. வராதவர்களுக்கு வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்துதான் உனக்குப் போன் எடுத்தேன்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒருத்தியும் சண்டைக்கு வரவில்லை, ஹஸீப் நானா மட்டும் நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, சொன்னீங்களே, அது போதும் என்றார். யதுர்ஷன் வீட்டில் இருந்தால் ஜெயந்திமாலா வேலைக்குப் போக முடியாதே என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அப்பா தனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டு ஆறிவிட்டது, தான் அங்கே போய் இருக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். மிட்வைஃப் மிஸ்ஸும் நல்லது என்றார். பதினொரு நாள் காலையில் டிபன் பெட்டியோடு வேலைக்குப் போகிற மாதிரி போனார். அவனுக்கு நகம் வெட்டிவிட்டு, சொறியாமல் இருக்க லூடோ விளையாடி, எல்லா ஆட்டத்திலும் தோற்றாராம். அவன் கள்ள ஆட்டம் ஆடுகிறான் என்று என்னிடம் முறைப்பாடு வேறு. எங்கள் பிள்ளைகளில் இன்னும் இரண்டு பேருக்கு வந்தது, அவர்களுக்கும் வீட்டோடு இருந்து லேசாகப் போயிற்று. ஷம்ராவுக்கு வரவே இல்லை, அவள் இப்போது தவழுகிறாள்.

உனக்கு வந்திருக்கிறதா என்று உன் பழைய கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ஊசி எல்லாம் ஒழுங்காகப் பதிந்திருக்கிறது, இது மட்டும் இல்லை. பதியாதபடியால் வரவில்லை என்றே பயந்துகொண்டிருந்தேன். யதுர்ஷனுக்குப் பொருக்கு உதிர்ந்த நாளில் அப்பா வந்து, "ஒண்ண மட்டும் கிள்ளிட்டான், நம்ம புள்ள புருவத்துக்கு மேல கிள்ளின மாதிரியே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. உனக்கு அப்போது மூன்று வயது. உன்னைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு நான் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதுகில் இரண்டு கொப்புளம் கண்ட அன்று காலை உன் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு மூடிக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடினேன். மறுநாள்தான் பிடித்துக்கொண்டார்கள். பிறகு கிளினிக்கில் கேட்டபோதும் ஒன்றும் இல்லை என்றேன், வெளியே சொல்லக் கூடாதே. அன்று உன்னிடமிருந்து எத்தனை பிள்ளைகளுக்குப் போயிற்றோ. இதை ஜெயந்திமாலாவிடம் சொன்னேன், அவள் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, பிறகு சிரித்துவிட்டாள். இப்போது தாய்மாருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், பெயரைச் சொல்ல வாய் வராவிட்டால் சொல்ல வேண்டாம், வாசலுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டால் போதும், நான் விளங்கிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎலவுக்கும் போய்வந்தேன். நடந்ததை உன் மாமியாரிடம் சொல்ல எனக்கு வெட்கம்தான். கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னயத் தண்ணி ஊத்தி அனுப்புறதுன்னா சுடுதண்ணியா ஊத்துங்க சம்பந்தி, இந்தக் குளிருல" என்றார். பிள்ளைப்பேறு நம் வீட்டிலேயே நடக்கட்டும் என்றும், முப்பதாம் நாளைக்குப் பிறகு தானே வந்து குழந்தையைத் தூக்கிப்போவதாகவும் சொன்னார். அதற்கு நீ மறுக்காதே.

மிட்வைஃப் மிஸ் நாட்காட்டியில் வரும் மாதம் ஆறாம் திகதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். அதுவரை புதிதாக யாருக்கும் வராவிட்டால் நீ வரலாம். ஒருதரம் வந்தவர்களுக்கு மறுபடி வருவது அபூர்வம் என்றாலும், தழும்பை நம்பி இருக்காதே, இரத்தம் சோதித்துப் பார்க்கச் சொன்னார், விமானத்தில் போகலாம் என்று உன் டாக்டரிடம் எழுத்தில் வாங்கச் சொன்னார். பின் அறையை உனக்கு ஒதுக்கி வெள்ளை அடித்தாயிற்று, பிள்ளைகள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். இருமுகிறவர் யாராக இருந்தாலும், உன் அப்பாவாக இருந்தாலும், குழந்தையைத் தூக்க விடமாட்டேன். இப்போது எனக்கு முடியாது என்று சொல்ல வருகிறது.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிட வை. நீங்கள் மூவரும் நோய் நொடியின்றி வந்து சேர அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம். கீழே கோடு போட்டிருக்கும் இடத்தில் வெட்டியெடுத்து, உன் புதிய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் மறக்காமல் ஒட்டிக்கொள்.

――――――

வீரசிங்கம் விதுஷா. மூன்று வயதும் நான்கு மாதமும் ஆனபோது சிக்கன் பொக்ஸ் வந்தது. பதின்மூன்று நாள் இருந்தது. இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. அப்போது மறைத்தவளும் இப்போது பதிபவளும்,

அம்மா,
வீ. விஜயலெட்சுமி.