டிரம் தண்ணீரில் பாஸான கருவி

சித்திரை, செவ்வாய்க்கிழமை இரவு

கண்ணை மூடினால் அந்த அம்மாவின் முகம்தான் வருகிறது. காலையில் வீடியோ காலில் பேசிய மீன் ஆராய்ச்சியாளர். ஏதோ குளிர்நாட்டுக் கடற்கரை. ஒரகடத்தில் எங்கள் லைனில் செய்த, மீன் இருக்கும் இடத்தைச் சத்தம் அனுப்பிக் காட்டும் ஒலிக்கருவிகளைத்தான் மீன்களின் வயிற்றில் வைத்துத் தைத்துக் கடலில் விட்டிருக்கிறார். ஒரே வாரத்தில் முக்கால்வாசி மீன்களிடமிருந்து சத்தமே இல்லையாம். வலையில் சிக்கிச் செத்திருக்கும், அங்கே மீன்பிடிப்பை நிறுத்தச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதப் போகிறேன் என்றார். மேனேஜர் பரிதாபப்படுவது போலத் தலையாட்டினார்.

அவருக்குப் போன பேட்ச்சைச் சோதித்தபோது, கடல் குளிரில் வைத்துப் பார்க்கும் குளிர்தொட்டி ரிப்பேர். சூப்பர்வைசர் சொன்னபடி, வெயிலில் நின்ற டிரம் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். ஒன்றுகூடக் கசியவில்லை. பாஸ் ஸ்டிக்கர் ஒட்டியது நான்.

மதியம் கேண்டீனில் ஐஸ் வாங்கி, உப்புத் தண்ணீரில் கொட்டி, மிச்சமிருந்த கருவி ஒன்றை அதில் முக்கி வைத்தேன். ஷிப்ட் முடிவதற்குள் ஒட்டு விட்டுப்போய் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. சத்தம் நின்றுவிட்டது.

சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "மீனு சாவல அண்ணா. கருவிதான் செத்துப்போச்சு. அந்தம்மாகிட்ட சொல்லிடலாம்."

வாங்கி ஸ்கிராப் டப்பாவில் போட்டார். "மீனே கம்முனு கீது. உனக்கு இன்னா வந்துச்சு?"

தடை வந்தால், அங்கே யாரோ ஒரு மீனவர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, அடுத்த மாதம் என்ன செய்வது என்று...

நாளைக்கு அடுத்த பேட்ச். குளிர்தொட்டி இன்னும் சரியாகவில்லை. டிரம்மை நிரப்பி வைத்துவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறினேன்.