கூடுதலாக ஒரு பதக்கம்

கள்ளிக்குப்பம்,
4.7.2025

அன்புள்ள மாப்பிள்ளை ஜெகதீசனுக்கு,

நலமா? தங்கச்சி விஜி சுகமா? போனில் பேசினால் கத்திவிடுவேன், தெருவே கூடிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று பூந்தமல்லியில் பத்தர் சம்பந்தத்தின் பட்டறைக்குப் போயிருந்தேன். வேலப்பன்சாவடிக் கல்லூரிக்கு நாம் செய்து கொடுத்த வெள்ளி விழாப் பதக்கம் ஒன்று அங்கே கிடந்தது. மேலே வளையம் பற்றவைக்க வந்ததாம். "உன் தங்கச்சி ஊட்டுக்காரருதான் குட்த்துட்டுப் போனாரு, உனுக்குத் தெரியாதா?" என்று சிரிக்கிறார்.

பதக்கத்துக்கு இரும்பில் அச்சு வெட்டியவன் நான், அதில் வெள்ளியை வைத்து அடித்தவர் நீங்கள். கல்லூரிக்குக் கொடுத்த கடைசிப் பதக்கத்தில், அச்சில் விழுந்து அடிக்க அடிக்க நீளும் விரிசல், நடுவில் இருக்கும் விளக்குச் சின்னத்தின் அடியோடு நின்றிருந்தது. இதில் சுடரையும் தாண்டிவிட்டது. அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகு அடித்தது. வேலை முடிந்ததும் அச்சின் முகத்தில் குறுக்கே உளி போட்டுக் கெடுத்துவிடுவதுதானே நம் வழக்கம்? "அப்புறம் போடலாம்" என்று ஏன் இழுத்தடித்தீர்கள்? வெள்ளி ஏது? அவர்கள் கொடுத்ததில் மிச்சம் பிடித்தீர்களா? வாயைத் திறந்து சொல்லுங்கள்.

நாகப்பன்


சேக்காடு,
7.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். விஜிக்கு இருமல் நின்றுவிட்டது. அடித்தது நான்தான். வெள்ளி கல்லூரியுடையது இல்லை, விஜி மேல் சத்தியம். யாருக்கு என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள், வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆடி பிறந்ததும் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

இத்தனை வருஷம் ஒன்றாகத் தொழில் செய்தோமே, என்னைத் திருடன் என்று எழுத எப்படி மனசு வந்தது? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "எங்கண்ணனுக்கு இன்னா ஆச்சு, மூள கெட்டுப்போச்சா?" என்று விஜி அழுதாள்.

ஜெகதீசன்


கள்ளிக்குப்பம்,
12.7.2025

மாப்பிள்ளைக்கு,

சத்தியம் யார்தான் செய்ய மாட்டார்கள்? ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் பெயரைச் சொல்ல வேண்டியதுதானே!

என் பெயர் சந்தி சிரிக்க நான் விடமாட்டேன். நேற்றுக் கல்லூரி அலுவலகத்துக்கே போய்ச் சொல்லிவிட்டேன். கூடுதலாக ஒரு பதக்கம் வெளியே போயிருக்கிறது, யாரிடமாவது கண்டால் பிடித்துக்கொள்ளுங்கள், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று. உங்கள் பெயரைச் சொல்லவில்லை, அதுவும் விஜி முகத்துக்காக. இனி நான் வெட்டுகிற அச்சு உங்கள் பதக்கம் அடிக்கிற பிரஸ்ஸுக்கு வராது.

நாகப்பன்


சேக்காடு,
16.7.2025

மச்சானுக்கு,

பிடித்துவிட்டார்கள், உங்கள் பேபி அக்காவை.

அந்தக் கல்லூரியை முதல் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து பெருக்குகிறவர் உங்கள் கூடப்பிறந்த அக்காதானே? விழாவில் ஆரம்பத்திலிருந்து இருக்கிறவர்களுக்கெல்லாம் பதக்கம் கொடுத்தவர்கள், ஒப்பந்த ஆள் என்று அவரை மட்டும் விட்டுவிட்டார்கள். "என் தம்பி வெட்டின அச்சு, எனுக்கு ஒண்ணு இல்லியே" என்று இங்கே வந்து அழுதார். விஜி தன் கொலுசைக் கழற்றிக் கொடுத்தாள். உருக்கி அடித்தேன். உங்களிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே அச்சில் உளியைப் போட்டிருப்பீர்கள். "ஆடி மொத தேதி நானே மாட்டிகினு போயி நாகப்பன் எதிர்ல நிப்பேன், அதுவரிக்கும் மூச்சு உடாதே" என்று அக்கா என்னிடம் வாக்கு வாங்கினார்.

பாவம், ஆசை பொறுக்கவில்லை. திங்கட்கிழமையே கழுத்தில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். படிக்கிற பிள்ளைகள் பார்க்க அதைக் கழற்றச் சொல்லி, "எங்கே திருடினே?" என்று கேட்டிருக்கிறார்கள். வேலை போய்விட்டது. நான் ஓடிப்போய் உள்ளதைச் சொன்னேன், காதில் வாங்க ஆளில்லை.

அக்கா இப்போது எங்கள் முகத்தில் விழிப்பதில்லை. விஷயம் தெரிந்தது நாங்கள் இரண்டு பேர்தானே, அதனால் காட்டிக்கொடுத்ததும் நாங்கள்தான் என்று நினைக்கிறார். "இந்த ஒலகத்துல எனுக்குன்னு கீறது என் தம்பி ஒருத்தன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக் காலை உங்கள் வீட்டுக்கு வருகிறார், அதனால்தான் இதைத் தபாலில் போடாமல் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கல்லூரியில் போய்ச் சொன்னது யார் என்று அக்காவிடம் நான் சொல்லவில்லை. கதவைத் திறக்கும்போது நீங்களே சொல்லுங்கள்.

ஜெகதீசன்