பால் காய்ச்சிய காலையில் குசினியில் நடந்தது

மட்டுவில் தெற்கு,
சாவகச்சேரி.
புதன்கிழமை

அன்பு மகள் வினோஜாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகள் இருவரும் நோர்வேக் குளிரில் நோய்நொடி அண்டாமல் இருக்கப் பன்றித்தலைச்சி அம்மன் காவலிருக்க வேண்டும். வழக்கம்போல் வட்சப்பில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். கதைத்தால் நீ இடையில் ஏதாவது கேட்பாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன் மனம் நோகாத ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவேன், என் சுபாவம் உனக்குத் தெரியும். அம்மா உனக்குச் சொன்னது உண்மையில்லை பிள்ளை. பால் சட்டி தவறித் தம்பி லோஜனின் மேல் கொட்டவில்லை. கொதித்த பாலை நான்தான் அவன் முதுகில் ஊற்றினேன். சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் முதலிலேயே எழுதிவிட்டேன், இனி ஒழுங்காக எழுதுகிறேன்.

நீ குசினிக்கு அடுப்படியும் அலுமாரியும் போடவென்று அனுப்பிய பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று இரண்டு மாதம் கொப்பியில் எழுதியும் அழித்தும் பார்த்தேன். பட்டணத்துக் கடையில் காட்டிய பலகை அலுமாரிகள் பார்வைக்கு நல்லவைதான், ஆனால் அமுக்கிய மரத்தூளை நம் ஊர்க் கறையான் இரண்டு மாரிக்குள் முடித்துவிடும், கீழ்த்தட்டில் நீர் பட்டால் ஊதியும்விடும். குருநகரிலிருந்து வந்த ஜெனிஸ்ரன் என்ற அலுமாரி வேலைகாரர் நேராகச் சொன்னார், "ஐயா, கீழுக்கு அலுமினியம் போடுவம், மேலுக்கு உங்கடை பழைய தேக்கங் கதவுகளைச் சீவித் தாறன், காசை அசையிற சாமான்களிலை போடுங்கோ, அசையாததிலை மிச்சம் பிடியுங்கோ" என்று. அதன்படி கதவு திரும்பும் பிணைச்சலும் இழுத்துத் திறக்கும் இலாச்சிகள் ஓடும் தண்டவாளமும் முதல் தரம், கருங்கல் அடுப்படிக்கும் சிங்குக்கும் மட்டும், மிச்சத்துக்கு வெள்ளை ஓடு. பத்தில் ஒரு பங்கை உடைவு சேதத்துக்கென்று ஒதுக்கியும் வைத்தேன். இப்படியான உடைவை நினைத்து ஒதுக்கவில்லை.

பிழை விட்டது உயரத்தில். நிலத்திலிருந்து உன் முழங்கை எவ்வளவு என்று அளந்து சொல்லும்படி கேட்டேனே, நாற்பத்திரண்டு அங்குலம் என்றாய், அதில் ஐந்தைக் கழித்து முப்பத்தேழில் சமையல் மேடையைக் கட்டுவித்தேன். வீடு உன் சீதனம், உறுதிப் பத்திரம் உன் பெயரில், ஆகவே குசினி உன் அளவுக்குத்தான் என்று யோசிக்காமலே யோசித்திருக்கிறேன். படவரைஞனாக முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன், அங்கே நாள்தோறும் சமைக்கிறவள் மருமகள் தர்சினி என்பதும் அவள் உன் தோளுக்குக் கீழே என்பதும் என் தலையில் ஏறவில்லை. மேடை பூர்த்தியான அன்று அவள் அதன் முன் ஒரு தரம் நின்று பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு மாமா" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சியதை நீ விடியமுன் எழும்பிக் கைபேசியில் பார்த்தாய். சட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாமல் தர்சினி, குந்தியிருக்கிற பலகைக்கட்டையைக் காலடியில் இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். "பள்ளிக்கூடப் பிள்ளை வாங்குக்கு மேலை நிக்கிற மாதிரி" என்று அம்மா சொல்ல நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன், தர்சினியும் சிரித்தாள். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. கதவடியில் நின்ற லோஜன் சிரிக்கவில்லை, அதை நான் கண்டேன், கண்டும் வழமைபோல் வேறு பக்கம் பார்த்தேன். முதல் பால் பொங்கியது, படைத்தோம், நீ கைபேசியை வைத்தாய். எல்லாருக்கும் குடிக்கவென்று அம்மா இரண்டாம் தரம் பாலை அடுப்பில் ஏற்றினாள்.

லோஜன் வெளியே போய்ப் பழைய சுவர் இடித்த இரும்பு அலவாங்கோடு திரும்பி வந்தான். காலையிலேயே குடித்திருந்தான். "என்ரை மனிசியைக் கட்டைக்கு மேலை ஏத்தி வைச்சு அக்காவுக்குப் படம் காட்டுறியள் என்ன? இந்த வீட்டிலை எனக்கு ஒரு முழமும் இல்லையெண்டு அளந்தெல்லே காட்டிப்போட்டியள் அப்பா" என்று சொல்லிக்கொண்டே கருங்கல்லில் ஓங்கிப் போட்டான். முதல் அடியில் சிங்கடிக் கல் இரண்டாகப் பிளந்தது. அடுத்து மேல் அலுமாரிக் கண்ணாடி, பிறகு ஓடுகள். பிணைச்சல் பூட்டி முடிக்க வந்திருந்த ஜெனிஸ்ரன், "அண்ணை, கல்லு என்ன செய்தது, அலவாங்கை வையுங்கோ" என்று குறுக்கே கையை நீட்ட, அதன் கூர்ப்பக்கம் அவர் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தர்சினி, "விடுங்கோ, எனக்கு உது ஒரு கரைச்சலும் இல்லை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவன் அலவாங்கைப் போட்டுவிட்டு அவள் தலைமயிரைப் பிடித்து, "உனக்காகத்தானேடி கேக்கிறன், வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிட்டு இப்ப கதைக்கிறியோ" என்று அவள் முகத்தைத் திறந்திருந்த அலுமாரிக் கதவின் விளிம்பில் அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நான் எண்ணினேன் பிள்ளை, எனக்கு எண்ணத்தான் தெரிந்தது. புருவம் பிளந்து இரத்தம் வெள்ளை ஓட்டில் வழிந்தது. நாலாவது தரம் அவன் தலையைப் பின்னுக்கு இழுத்தபோது என் கை சட்டியில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது, கைப்பிடித் துணியும் இல்லாமல் பிடித்திருக்கிறேன், என் விரல்களும் வெந்துதான் இருக்கின்றன. அவன் முதுகிலும் தோளிலும் முழுவதையும் ஊற்றினேன். அவன் "அப்பா" என்று கத்தினான். என்னை ஏசிக் கத்தவில்லை, யாரோ தன்னை அடிக்கிறார்கள் என்று என்னிடம் முறையிடுகிறவன்போல் கத்தினான். சேட்டைக் கழற்ற அதோடு தோலும் வந்தது. கிணற்றடியில் இருத்தி அம்புலன்ஸ் வரும்வரை நான்தான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அந்தக் குரல் இப்போதும் கேட்கிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். இது முதல் தரம் இல்லை. இரண்டு வருடமாக அந்த அறைச் சுவருக்கு அப்பால் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் வானொலியைக் கூட்டி வைத்திருக்கிறேன். அடுத்த நாள் அவள் நீளக் கைச் சட்டை போட்டு வந்து தேத்தண்ணீர் தருவாள், நான் செய்தி வாசித்தபடி வாங்கிக் குடிப்பேன். உன்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. அவன் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை, மூத்தவளுக்கு வீடு போய்விட்டது, அவன் கட்டியவள் சீதனம் இல்லாமல் வந்தவள், என் அளவுநாடாவும் அதைக் குத்திக் காட்டிவிட்டது. ஆனால் கோபம் என் மேல் என்றால் அலவாங்கு என் தலையில் அல்லவா விழுந்திருக்க வேண்டும், அவளுடைய தலை அங்கே ஏன் போனது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், விடை ஒன்றுதான் வருகிறது, அவளை அடித்தால் கேட்க ஆளில்லை என்று அவனுக்கு நான்தான் காட்டியிருக்கிறேன்.

தர்சினிக்குப் புருவத்தில் ஏழு தையல், முன்பல் ஒன்று போய்விட்டது. ஜெனிஸ்ரன் கட்டுப் போட்ட கையோடு நேற்று வந்து உடைந்ததைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பதை விட்டுத் தேத்தண்ணீர் நீட்டினேன். "கை முறிவு மாறும் ஐயா. உந்தப் பிணைச்சலுகளைப் பாருங்கோ, அவ்வளவு அடிக்கும் ஒண்டாவது கழண்டதோ?" என்றார். ஒதுக்கி வைத்த பங்கு முழுவதையும் அவர் கைக்குக் கொடுத்துவிட்டேன், அதற்கு உன்னிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. மேடையை எப்படியும் திருப்பிக் கட்ட வேண்டும், இந்தத் தரம் தர்சினியின் முழங்கையை அளந்து முப்பத்தொன்றில் கட்டச் சொல்லியிருக்கிறேன். கல் இல்லை, சீமெந்தை மினுக்கினால் போதும். நீ புதிதாக ஒன்றும் அனுப்பாதே.

ஆஸ்பத்திரியில் பொலிசார் கேட்டபோது அம்மா சட்டி தவறியது என்றும் தர்சினி வழுக்கி விழுந்தாள் என்றும் சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இப்போதும், "பெத்த பிள்ளையைக் கோட்டிலை ஏத்திப்போட்டு எந்த முகத்தோடை கோயிலுக்குப் போறது, இஞ்சருங்கோ, அவன் வெந்துபோய்க் கிடக்கிறான்" என்று அழுகிறாள். அவளையும் நான் பிழை சொல்லவில்லை, பெற்ற வயிறு. வெள்ளிக்கிழமை லோஜனை வீட்டுக்கு விடுகிறார்களாம். தர்சினியைக் கேட்டேன், "நான் எங்கை மாமா போறது, அளவெட்டியிலை அண்ணையின்ரை ஆறு பேருக்கே படுக்க இடம் காணாது. அவர் வந்தா வரட்டும், கத்தியளை மட்டும் ஒளிச்சு வைப்பம்" என்றாள். சாதாரணமாக, உப்பு முடிந்துவிட்டது என்கிற மாதிரிச் சொன்னாள் பிள்ளை.

சாவகச்சேரியில் உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் விசாரித்தேன். நான் இந்த வீட்டில் இருப்பவன் மட்டும்தான், யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று சொல்ல உரிமைகாரி நீதான் என்றார். ஆகவே உன்னிடம் இரண்டு வரி கேட்கிறேன். தர்சினி விரும்பும் காலம்வரை இந்த வீட்டில் இருக்கலாம் என்று ஒரு வரி. அவள் சம்மதமில்லாமல் லோஜன் உள்ளே வரக்கூடாது என்று ஒரு வரி. அவன் உன் தம்பி, நீ தூக்கி வளர்த்தவன், எனக்குத் தெரியும். அம்மா அழைத்து அழுவாள், நீ தர்சினியோடு கதைத்துச் சமாதானம் பண்ண வேண்டும் என்பாள். தயவுசெய்து அதைச் செய்யாதே. அக்கா நீ கேட்டால் அவள் மறுக்கமாட்டாள், அதனால்தான் கேட்காதே என்கிறேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய் இந்தக் கடிதத்தைக் கடையொன்றில் ஸ்கான் செய்வித்து உனக்கு ஈமெயில் பண்ணிவிட்டு, அங்கிருந்து பொலிசுக்குப் போகிறேன். அவன் அவளுக்கும் ஜெனிஸ்ரனுக்கும் செய்ததையும், பால் ஊற்றியவன் நான் என்பதையும், முதல் நாள் பொய்க்குத் தலையாட்டியதையும் சொல்லப் போகிறேன். என்னைப் பிடித்து வைத்தால் அம்மாவின் பிரஷர் குளிசையைத் தர்சினி எடுத்துக் கொடுப்பாள், நேரங்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். விட்டால், வெள்ளிக்கிழமை அவன் வரும்போது வாசல் படலையில் நான் நிற்பேன், உன் கடிதம் வந்திருந்தாலும் வராவிட்டாலும். பயமாகத்தான் இருக்கிறது. அதனால் கதிரை ஒன்று போட்டு இருப்பதாக யோசனை.

உனக்கும் மருமகனுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் வாழுங்கள். அந்த இரண்டு வரிக்கும் கீழே கையொப்பம் வைக்கும்போது இப்போதைய பெயரில் வைக்காதே, உறுதியில் உள்ளபடி சி. வினோஜா என்று தமிழில் முழுதாக வை, திகதியையும் மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
க. சிவசுப்பிரமணியம்